புதுப் பொருளை ஏற்பதும் மறுப்பதும்: குணமா, வளர்ப்பா, வேறு ஏதாவதா?

குமிழ்முனை எழுதியது:

கொஞ்ச நாளாக மண்டையைக் குடையும் கேள்வி இது.

என் அப்பாவுக்கு 71 வயது. எந்தப் புது ஃபோன் வந்தாலும் வீட்டில் முதலில் தெரிவது அவருக்குத்தான். கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பைப் பார்ப்பார், விளக்கை வாயால் சொல்லி அணைப்பார். ஆனால் பில் கட்டுவது மட்டும் வரிசையில் நின்றுதான். ஃபோனிலேயே கட்டலாமே என்றால், "ரசீது கையில இருக்கணும்டா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அம்மா நேர் எதிர். எதைக் காட்டினாலும் "எனக்கெதுக்குப்பா இதெல்லாம்" என்றுதான் தொடங்குவார். ஆனால் ஃபோனில் பணம் அனுப்ப வீட்டில் முதலில் கற்றுக்கொண்டது அவர்தான். போன வருடம் அவருக்குப் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, தினமும் பயன்படுத்துகிறார். எப்படி என்றால், எல்லாப் பாத்திரத்தையும் கையால் சோப்புப் போட்டுத் தேய்த்து அலசிவிட்டு, அப்புறம் இயந்திரத்தில் அடுக்கி மறுபடி ஒருமுறை கழுவ விடுகிறார்!

நான் வேலை பார்க்கும் இடத்தில் வாடிக்கையாளர்களை 'முன்னோடி', 'பழமை விரும்பி' என்று கட்டம் கட்டிப் பிரிக்கிறோம். பெற்ற அப்பா அம்மாவையே எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

வண்டிக்காரன் எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? எல்லாம் காசுதான். கையில் பணம் புரள்கிறவன் புதுசு வாங்குவான், இல்லாதவன் பழசே நல்லது என்பான். கலாசாரம், விழுமியம் என்பதெல்லாம் வாங்க முடியாததற்குச் சொல்லிக்கொள்ளும் சாக்கு.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

குமிழ்முனை, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்ததும் எனக்கு இன்னொரு அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

நீங்கள் கட்டும் கட்டங்களின் மூலவர், புதுமைகள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ந்த எவரெட் ரோஜர்ஸ். 1962இல் அவர் எழுதிய புத்தகத்தில்தான், முதலில் ஏற்பவர் தொடங்கிக் கடைசியில் ஏற்பவர் வரை மக்களை ஐந்தாகப் பிரிக்கும் அந்த 2.5, 13.5, 34, 34, 16 சதவீதப் பிரிவுகள் வருகின்றன. பலர் அவற்றை மக்களை அளந்து பார்த்துக் கண்டுபிடித்த எண்கள் என்று நினைக்கிறார்கள். ஒரு பொருளை யார் எப்போது ஏற்றார்கள் என்பதை மணி வடிவ வளைகோடாக வரைந்து, புள்ளியியல் கணக்குப்படி அங்கங்கே கோடு கிழித்தால் வரும் எண்கள் அவை. ஒரு பொருளுக்கு முதலில் வந்தவர் இன்னொன்றுக்குக் கடைசியில் வரலாம். கட்டம் ஆளுக்கு உரியது இல்லை.

சரி, அந்த அப்பா விஷயம். ரோஜர்ஸ் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு விவசாயியின் மகன். அப்பாவுக்கு இயந்திரம், மோட்டார் சம்பந்தப்பட்ட புதுமை எது வந்தாலும் பிடிக்கும். விதை, உரம் என்றால் மட்டும் கை இழுத்துக்கொள்ளும். அக்கம்பக்கத்துக்காரர்கள் கலப்பின மக்காச்சோள விதைக்கு மாறிய பிறகும் எட்டு வருடம் மசியவில்லை. சுமார் 25 சதவீதம் கூடுதல் விளைச்சல் என்று தெரிந்தும்தான். 1936இல் கடும் வறட்சி. பக்கத்து நிலத்துக் கலப்பினப் பயிர் நிமிர்ந்து நிற்க, இவர் பயிர் வாடி விழுந்தது. அதற்கப்புறம்தான் மாறினார். ஒரே மனிதர்தான். இயந்திரக் கொட்டகையில் முன்னோடி, வயலில் கடைசி ஆள்.

இதற்கு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். புதுமை நாட்டம் ஒருவருக்கு எல்லா விஷயத்திலும் ஒரே அளவில் இருக்காது, துறைக்குத் துறை மாறும் என்று கோல்ட்ஸ்மித்தும் ஹொஃபேக்கரும் 1991இல் அதற்கென்றே ஓர் அளவுகோல் செய்தார்கள். உங்கள் அப்பா கருவியில் முன்னோடி, பணத்தில் இல்லை. அம்மாவுக்கு அது அப்படியே தலைகீழ். அவ்வளவுதான்.

வண்டிக்காரன் எழுதியது:

> சுமார் 25 சதவீதம் கூடுதல் விளைச்சல்

இதுவே என் கட்சிக்குத்தானே சாட்சி? விதைக்குக் காசு செலவழிக்க யோசித்திருப்பார். வறட்சியில் நஷ்டம் வந்ததும் மாறினார். மறுபடி காசு.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

வண்டிக்காரரே, காசு இல்லாமல் எதுவும் நடக்காது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் காசு மட்டும்தான் என்றால் ஒரு கணக்கு இடிக்கிறது.

டெல்லிஸ், ஸ்ட்ரெமர்ஷ், யின் என்ற மூவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 16 ஐரோப்பிய நாடுகளில் வீட்டுச் சாதனங்கள் அறிமுகமாகி, விற்பனை திடீரென்று மேலே கிளம்ப எத்தனை வருடம் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரி ஆறு வருடம். ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஆகும் காலம் மத்தியதரைக்கடல் நாடுகளில் ஆவதில் கிட்டத்தட்ட பாதி. இந்த வித்தியாசத்தைப் பொருளாதாரத்தால் உறுதியாக விளக்க முடியவில்லை, கலாசாரம் ஓரளவு விளக்கியது என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு.

அதைவிட எனக்குப் பிடித்த தகவல் இன்னொன்று. சமையலறை, சலவைச் சாதனங்கள் கிளம்ப ஆகும் காலம், பொழுதுபோக்குச் சாதனங்களுக்கு ஆவதைப் போல நான்கு மடங்கு. பாட்டு கேட்கும் பெட்டி நடுக்கூடத்தில் நிற்கும், வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள், ஒரு காரணம் அது என்று சொல்லலாம். ஆனால் சமையலறையில் நுழையும் சாதனம் ஒருவருடைய வேலையில் கை வைக்கிறது. பாட்டுப் பெட்டி யாருடைய வேலையையும் பிடுங்கவில்லையே. (இந்த விளக்கம் என்னுடையது, அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.)

ஸ்பேனர் எழுதியது:

வணக்கம். இந்த இயந்திரங்களைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு, அதனால் ஒரு வார்த்தை. குமிழ்முனை தம்பி, உங்கள் அம்மா தனி ஆள் இல்லை. நான் போகும் வீடுகளில் இது சர்வசாதாரணம். ஒரு வீட்டில் "சரியா கழுவ மாட்டேங்குது" என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் முகப்பில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் உறைகூட உரிக்கவில்லை. மேலே பூ வேலை செய்த விரிப்பு, அதன் மேல் ஒரு ஜாடி. அந்த அம்மாவும் கழுவித்தான் உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது வரும் பல இயந்திரங்களில் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்க்கும் உணர்வி இருக்கிறது. பாத்திரத்தைத் தேய்த்து அலசி வைத்தால் தண்ணீர் தெளிவாக இருக்கும். 'அழுக்கே இல்லை' என்று அது வேலையைச் சுருக்கிக்கொள்ளும். மூலையில் எங்கேயாவது ஒட்டியிருக்கும் பிசுக்கு அப்படியே நிற்கும். உடனே "பார்த்தியா, நான் கழுவாம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்" என்பார்கள். மிச்சத்தை வழித்துப் போட்டுவிட்டு அப்படியே வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. யாரும் கேட்பதில்லை.

செவ்வந்தி எழுதியது:

நான் பல வருடம் வீடு வீடாகப் போய் வாடிக்கையாளர் கருத்துக் கேட்கும் வேலையில் இருந்தவள். ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன்: 'ஏன் வாங்கவில்லை' என்று நேராகக் கேட்டால் உண்மை வரவே வராது. பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. அவர்களுக்கே தெரியாது.

எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்த பழைய சோதனை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மேசன் ஹேர் என்பவர் 1950இல் வெளியிட்டது. உடனடிக் காபித்தூள் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால், பெண்கள் "ருசி சரியில்லை" என்றார்கள். அவர் அதை நம்பவில்லை. இரண்டு மளிகைப் பட்டியல் தயாரித்தார். எல்லாச் சாமானும் ஒன்றே. ஒன்றில் நெஸ்கஃபே உடனடித் தூள், மற்றதில் வழக்கம்போல வடித்துப் போடும் மேக்ஸ்வெல் ஹவுஸ் காபித்தூள். ஆளுக்கு ஒரு பட்டியலைக் கொடுத்து, 'இதை எழுதிய பெண் எப்படிப்பட்டவள், சொல்லுங்கள்' என்றார். உடனடித் தூள் பட்டியலைப் பார்த்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அவளைச் சோம்பேறி என்றார்கள். வீட்டைத் திட்டமிட்டு நடத்தத் தெரியாதவள் என்றார்கள். மற்ற பட்டியல்காரிக்கு அந்தப் பட்டம் கிடைக்கவே இல்லை என்று சொல்லலாம்.

யாருக்கும் தூள் மேல் கோபம் இல்லை பாருங்கள். அதை வாங்கினால் தன்னைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பதுதான் பயம். 1970இல் வேறு இருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. தூள் அதேதான். 20 வருடத்தில் மாறியது 'நல்ல இல்லத்தரசி' என்றால் யார் என்ற எண்ணம்.

குமிழ்முனை தம்பி, அம்மாவிடம் ஏன் கழுவி வைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? அப்படி நேராகக் கேட்காமல், வேறு யாரோ கழுவாமல் வைப்பதாகச் சொல்லிப் பாருங்கள்.

நடுநிசி வாசகன் எழுதியது:

அக்கா சொன்னதும் எனக்கு அந்த முட்டைக் கதை ஞாபகம் வந்தது. கேக் மாவுப் பொட்டலம் விற்கவே இல்லை, தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்பதால் பெண்களுக்குக் குற்ற உணர்வு. ஒரு மனோதத்துவ நிபுணர் வந்து, முட்டையை அவர்களே உடைத்து ஊற்றட்டும் என்றாராம். உடனே விற்பனை பிய்த்துக்கொண்டு போனதாம். செம கதை இல்லையா?

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

கதை செமதான். ஆனால் பாதிதான் உண்மை. நீங்கள் சொல்லும் நிபுணர் எர்னஸ்ட் டிக்டர். அவர் அந்த வேலைக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ஆனால் டஃப் என்ற அமெரிக்க நிறுவனம் முட்டையைத் தனியாகச் சேர்க்கும் மாவுக்கு 1935லேயே காப்புரிமை வாங்கிவிட்டது. இல்லத்தரசிகள் புது முட்டையைத்தான் விரும்புகிறார்கள் என்று அந்தக் காப்புரிமையிலேயே எழுதியிருக்கிறது. அதோடு புது முட்டை போட்டால் கேக்கும் நன்றாக வருகிறது. குற்ற உணர்வு ஒரு பங்கு இருக்கலாம். ஒரு நிபுணர் ஒரே நாளில் கண்டுபிடித்த மந்திரம் என்பதெல்லாம் விளம்பரக்காரர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொண்ட கதை.

நடுநிசி வாசகன் எழுதியது:

அடப் போங்க அண்ணா. நான் இதை ரெண்டு அலுவலகக் கூட்டத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

தச்சன் மகள் எழுதியது:

இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. எல்லாருமே 'ஏற்பது நல்லது, மறுப்பதற்கு மனசில் ஏதோ சிக்கல்' என்ற இடத்தில் நின்றுகொண்டு பேசுகிறோம்.

என் அப்பா மரவேலைக்காரர். மின் ரம்பம் வந்த அன்றே வாங்கினார், மின் இழைப்புளியும் அப்படியே. காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் துப்பாக்கியை மட்டும் பட்டறைக்குள் விடவில்லை. நான் அதைப் பிடிவாதம் என்றே நினைத்தேன். ஒருநாள் என் கையில் சுத்தியலைக் கொடுத்து, "கண்ணை மூடிட்டு அடி, சத்தத்தைக் கேளு" என்றார். ஆணி நேராக இறங்கும்போது ஒரு சத்தம், மரம் உள்ளே விரியத் தொடங்கும்போது வேறு சத்தம். அந்த இரண்டாவது சத்தம் கேட்டால் நிறுத்திவிடலாம், பலகை பிழைக்கும். துப்பாக்கியில் எல்லாம் ஒரே 'டப்'. அவர் வேண்டாம் என்றதற்குக் காரணம் அவர் காது. நாங்கள் அதற்குப் பழமைவாதம் என்று பெயர் வைத்தோம்.

இதே தொழிலில் இன்னொரு கூட்டத்தாரையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஆமிஷ் என்ற கிறித்தவ மதப் பிரிவினர். எல்லா நவீனத்தையும் வெறுப்பவர்கள் என்றுதான் பொதுவாகப் பேச்சு. ஆனால் அவர்களுடைய பல பட்டறைகளில் நவீனக் கருவிகள் ஓடுகின்றன, பொது மின்கம்பி இணைப்பு இல்லாமல் காற்றழுத்தத்தில். தொலைபேசியும் பல இடங்களில் உண்டு, ஆனால் வீட்டுக்குள் இல்லை. வெளியே ஒரு சிறு கொட்டகையில், நாலைந்து குடும்பத்துக்குப் பொதுவாக. ஒரு பொருள் வந்தால் அவர்கள் கேட்பது 'இது புதுசா, பழசா' என்பதை அல்ல, 'இது வந்தால் நாம் ஒருவரை ஒருவர் பார்க்கப் போவது குறையுமா' என்பதை. நம்மில் எத்தனை பேர் ஃபோன் வாங்கும்போது அதைக் கேட்டோம்?

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

தச்சன் மகள், சரியான இடத்தில் அடித்தீர்கள் (சுத்தியலால்தான்). ரோஜர்ஸே இதைத் தன் துறையின் குறையாகச் சொன்னவர். புதுமை என்றாலே எல்லாரும் சீக்கிரம் ஏற்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்கிறார்கள் என்பார்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பெரு நாட்டில் லாஸ் மோலினோஸ் என்ற சிற்றூர். 1950களில் வெளிவந்த ஆய்வு. குடிநீரைக் காய்ச்சச் சொல்லி ஒரு சுகாதாரப் பணியாளர் இரண்டு வருடம் பிரசாரம் செய்தார். சுமார் 200 குடும்பங்களில் புதிதாக மாறியவர்கள் 11 பேர்தான். அங்கே நம்பிக்கைப்படி பொருள்கள் 'சூடு', 'குளிர்' என்று பிரியும், காய்ச்சிய நீர் நோயாளிக்கு உரியது. உடம்பு நன்றாக இருக்கிறவர் அதைக் குடித்தால் தன்னைத் தானே நோயாளி என்று சொல்லிக்கொள்வது போல. மாறியவர்களில் ஒருவர் ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர், இன்னொருவர் வெளியூரிலிருந்து குடியேறி, ஊர்ப் பேச்சைப் பற்றிக் கவலைப்படாதவர். கிருமியைப் பற்றிய விளக்கம் அங்கே பெரும்பாலோரிடம் எடுபடவில்லை. இங்கே மறுப்பு பாதுகாப்பு தரவில்லை, ஆபத்தைத்தான் தந்தது. உங்கள் அப்பாவின் காதையும் இதையும் ஒரே பெயரில் அழைக்க முடியாதுதான்.

வண்டிக்காரன் எழுதியது:

சரி, காசு மட்டும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் நாட்டைப் பொறுத்ததுதானே? சில நாட்டுக்காரர்கள் பிறவியிலேயே துணிச்சல்காரர்கள், சிலர் பயந்தாங்கொள்ளிகள்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

இதைத்தான் செய்யக் கூடாது! ஹோஃப்ஸ்டெட் என்ற ஆய்வாளர் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். நிச்சயமின்மையை எவ்வளவு தவிர்க்கிறார்கள், தனிமனிதப் போக்கு எவ்வளவு என்றெல்லாம். அந்த எண்கள் நாட்டுக்கு, தனி ஆளின் மேல் ஒட்டாதீர்கள் என்று அவரே எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை.

நாட்டையும் தனி ஆளையும் பிரித்துப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. ஸ்டீன்காம்பும் கூட்டாளிகளும் 1999இல் 11 ஐரோப்பிய நாடுகளில் 3,283 பேரை எடுத்துக்கொண்டார்கள். நிச்சயமின்மையைத் தவிர்க்கும் நாடுகளில் புதுமை நாட்டம் குறைவு, தனிமனிதப் போக்குள்ள நாடுகளில் அதிகம், அது உண்மைதான். ஆனால் ஒரே நாட்டுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் வேறுபாடும் வந்தது. பாதுகாப்பு, மரபு, ஊரோடு ஒத்துப்போதல் ஆகியவற்றைப் பெரிதாக நினைப்பவர்கள், பழைய காலத்துக்கு ஏங்குபவர்கள், அந்நியப் பொருள் வாங்குவதைத் தவறாக நினைப்பவர்கள், இவர்களிடம் நாட்டம் குறைந்திருந்தது. பயந்தாங்கொள்ளி என்று யாரையும் காட்டவில்லை.

செவ்வந்தி எழுதியது:

அதோடு 'மரபு' என்பதும் கல்லில் செதுக்கியது இல்லையே. கைக்கடிகாரத்தையே எடுங்கள். முதல் உலகப் போருக்கு முன் மேற்கத்திய நாடுகளில் மணிக்கட்டில் கட்டுவது பெண்கள் நகை. ஆண் என்றால் சட்டைப்பையில் சங்கிலி போட்ட கடிகாரம். பதுங்குகுழியில் ஒரு கையில் துப்பாக்கி வைத்துக்கொண்டு பையைத் துழாவ முடியுமா? சிப்பாய்கள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அவர்களைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

குமிழ்முனையின் அப்பா கையில் இதயம் பார்க்கிறாரே, 1900இல் அவர் அதைக் கட்டியிருக்கவே மாட்டார்.

ஸ்பேனர் எழுதியது:

பாத்திர இயந்திரத்துக்கு வருவோம், என் பிழைப்பு அது. அதைச் சரியாக உருவாக்கியவர் ஜோசபின் காக்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணி. காப்புரிமை 1886இல், 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் நல்ல பெயர். வாங்கியது யார் தெரியுமா? ஓட்டல்களும் உணவகங்களும். வீடுகளில் அப்போது அதற்குப் போதுமான வெந்நீர் வசதி இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் ஓட்டலில் பாத்திரம் கழுவுவது வெறும் வேலை, வீட்டில் அப்படி இல்லை என்பது நான் கண்ணால் பார்ப்பது. ஓட்டல் சமையலறையில் ஒருவர்கூடக் கழுவிவிட்டு உள்ளே வைத்ததில்லை.

குமிழ்முனை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. செவ்வந்தி அக்கா சொன்னபடியே செய்தேன். நேற்று இரவு அம்மாவிடம், கூட வேலை பார்க்கும் ஒருத்தர் வீட்டில் பாத்திரத்தைக் கழுவாமலே அடுக்கி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "அதைத் தெறந்து யாராவது பார்த்தா அந்தப் பொண்ணைப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்றார்.

எங்கள் வீட்டில் அந்தக் கதவைத் திறப்பது அம்மா ஒருவர்தான். அந்தப் 'பொண்ணு' யார் என்று நான் சொல்லவே இல்லை. உண்மையில் அப்படி வைப்பவர் என் கூட வேலை பார்க்கும் ஆண்.

அப்பாவிடமும் ரசீது விஷயத்தைக் கிளறினேன். வரிசையில் அவருக்கு முன்னும் பின்னும் எப்போதும் நிற்கும் இரண்டு பேரின் பெயர், அவர்கள் பேரப்பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது வரை சொன்னார். ரசீதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

தச்சன் மகள் எழுதியது:

தொலைபேசிக் கொட்டகை!

ஸ்பேனர் எழுதியது:

அப்பாவை விடுங்கள் தம்பி. இயந்திரம் என்ன ஆச்சு?

குமிழ்முனை எழுதியது:

இன்று இரவு நானே அடுக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வழித்துப் போட்டு, கழுவாமல். அம்மா இரண்டடி தள்ளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அலசிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.